தாரை விண்மீனைக் கிழிக்குமா?

மாணவ மாணவியரே, இன்று நான் உங்கள்முன் வைப்பது ஒரு பிழைதிருத்தம். பிழை என்னுடையது. அது நேர்ந்தது 2008-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு அறையில், நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கண்ணெதிரில்.

அரையாண்டு விடுமுறை கழிந்து பள்ளி திறந்த முதல் வாரம் அது. அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தார். சம்பளப் பட்டியலோடு போராடிக்கொண்டிருந்த நான், அதனின்று தப்பிக்க நல்ல வாய்ப்பு என்று மகிழ்ந்து, அவ்வகுப்பை எடுத்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, விடுமுறையில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைத்திருந்த ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். ஒரு விண்மீன் திரளின் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து கிளம்பிய தாரை ஒன்று, பக்கத்துத் திரளைத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்பது செய்தி. 2007 டிசம்பரில் அறிவியலார் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. அத்திரளுக்கு ‘மரண விண்மீன்’ என்ற பட்டமும் சூட்டப்பட்டிருந்தது.

எனக்கு உற்சாகம் பிறந்தது. கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து அதைக் கருந்துளை என்றேன். அதிலிருந்து வாள்போல ஒரு நேர்க்கோடு நீட்டினேன். வாளின் நுனியில் ஒரு விண்மீனை வரைந்து அதை இரு துண்டாக்கினேன். வகுப்பு வாய்பிளந்து பார்த்தது. அந்த மாணவி மட்டும் எழுந்து நின்றாள்.

“ஐயா, கருந்துளையிலிருந்து ஒளிகூட வெளியே வரமுடியாது என்று சொன்னீர்கள். அப்படியானால் இந்தத் தாரை எப்படி வெளியே வந்தது?”

நான் விடை தேடித் தடுமாறுவதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். “அது விண்மீனை வாள்போல வெட்டுமா ஐயா, நெருப்புப்போலச் சுடுமா?”

“வெட்டும். உட்கார் அம்மா” என்றேன். மணியும் அடித்தது.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு நெறி உண்டு. விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல். மறுநாள் தெரிந்துகொண்டு வந்து சொல். பின்னாளில் பல இளம் ஆசிரியர்களுக்கு நானே அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்று அதை மறந்தேன். மறுநாளும் நான் அவ்வகுப்புக்குச் செல்லவில்லை. ஓய்வு பெற்றபின் படிப்பதற்கு நேரம் வாய்த்தது. படிக்கப் படிக்க, அன்று நான் வரைந்த படத்தில் சரியாக இருந்தது அந்த வட்டம் ஒன்றுதான் என்பது விளங்கிற்று. அவள் கேட்ட இரண்டு வினாக்களும் உலகின் சிறந்த வானியலார் பலரும் ஆராயும் வினாக்களே.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். கருந்துளை என்பது பொருள் மிகச் சிறிய இடத்தில் செறிந்து, அதன் ஈர்ப்பிலிருந்து ஒளியும் மீளமுடியாத நிலை. அதற்கு ஓர் எல்லை உண்டு, நிகழ்வெல்லை என்பர். அந்த எல்லைக்குள் சென்றது திரும்பாது. இதில் மாணவி கேட்டதில் தவறே இல்லை. ஆனால் தாரை அந்த எல்லைக்குள்ளிருந்து வருவதன்று. எல்லைக்கு வெளியிலிருந்து புறப்படுகிறது.

கருந்துளையை நோக்கி விழும் வளி நேராக உள்ளே போய்விடுவதில்லை. வடிகாலை நெருங்கும் நீர் சுழல்வதுபோல அது சுற்றிச் சுற்றி வந்து, ஒரு வட்டத் தட்டாகப் பரந்து, உராய்ந்து, பல லட்சம் பாகை வெப்பத்தை அடைகிறது. அவ்வளியில் காந்தப்புலம் உண்டு. கருந்துளையும் சுழல்கிறது, தன்னைச் சூழ்ந்த வெளியையே தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. அச்சுழற்சியில் காந்தக் கோடுகள் கயிறுபோல முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கேறிய அக்கோடுகள் மின்னேற்றமுள்ள துகள்களைச் சுழல் அச்சின் இரு முனைகள் வழியாகவும், ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வெளியே தள்ளுகின்றன. கருந்துளையின் சுழற்சியிலிருந்தே இவ்வாறு ஆற்றலைப் பெற முடியும் என்பதைப் பிளாண்ட்ஃபோர்டு, ஸ்னாயெக் என்ற இருவர் 1977-இல் கணித வாயிலாகக் காட்டினர். மத்தைச் சுழற்றும்போது மோர் பானையின் விளிம்பேறித் தெறிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மோர் மத்துக்குள்ளிருந்து வருவதில்லை. மத்தின் சுழற்சியால் வருகிறது. இவ்வுவமை ஓரளவே பொருந்தும்; எனினும் அன்று எனக்குத் தோன்றியிருந்தால் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லியிருக்க மாட்டேன்.

இத்தகைய தாரையை மனிதன் முதன்முதலில் கண்டது 1918-இல். அமெரிக்காவில் லிக் வானாய்வகத்தில் பணிபுரிந்த ஹீபர் கர்ட்டிஸ் என்பவர், மெசியர் 87 என்ற திரளின் நடுவிலிருந்து மெல்லிய நேர்கதிர் ஒன்று நீண்டிருப்பதைப் புகைப்படத் தகட்டில் கண்டு குறித்துவைத்தார். அது யாது என அவர் அறியார். அக்காலத்தில் அறிந்தவர் யாருமில்லை. அதே திரளின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழலைத்தான் 2019 ஏப்ரல் 10-ஆம் நாள் உலகம் படமாகப் பார்த்தது. நம்மிடமிருந்து ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அக்கருந்துளையின் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். கர்ட்டிஸ் கண்ட தாரை பல ஆயிரம் ஒளியாண்டு நீளமுடையது.

அடுத்து, வெட்டுமா சுடுமா என்ற வினா. இதற்கு ஒரு கணக்குப் போடலாம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெசியர் 87-இன் தாரை சுமந்து செல்லும் ஆற்றலைப் பலர் கணித்துள்ளனர். கணிப்புகள் தம்முள் பல மடங்கு வேறுபடுகின்றன. தாரைக்குச் சாதகமாகப் பெரிய கணக்கையே கொள்வோம்: ஏறத்தாழ 2,500 கோடி சூரியன்களின் ஆற்றல். கேட்பதற்கே அச்சந்தரும் எண்தான். ஆனால் தாரை செல்லச் செல்ல விரிகிறது என்பதை மறக்கலாகாது. அதன் ஆரம் ஓர் ஒளியாண்டாக விரிந்த ஓரிடத்தில் சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்று அகப்பட்டுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். அந்த ஆரமுள்ள வட்டத்தின் பரப்பைக் கண்டு, 2,500 கோடி சூரியன்களின் ஆற்றலை அதன்மீது பரப்பிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது, சூரியன் தன் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளிவிடும் ஆற்றலில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே.

தன்னிடமிருந்து இரண்டாயிரம் பங்கு வெளியே வீசிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, வெளியிலிருந்து வரும் ஒரு பங்கு என்ன செய்யும்? விண்மீன் தன் வழியே போய்க்கொண்டிருக்கும்.

தாரை குறுகலாக இருக்கும் இடத்துக்கு, கருந்துளைக்கு மிக அருகே சென்றால் நிலைமை வேறாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் தாக்கும் ஆற்றல் பத்தாயிரம் மடங்கு கூடும். விண்மீனின் சொந்த ஒளியை விடவும் மிகும். அங்கே விண்மீனின் மேலுறை சிறிது சிறிதாக உரிந்து தாரையோடு அடித்துச் செல்லப்படும். எனினும் உரித்தல் வேறு, வெட்டல் வேறு. தன் ஈர்ப்பினாலேயே இறுகிக் கட்டப்பட்ட ஒரு விண்மீனை இரு துண்டாக்கும் வலிமை அக்காற்றுக்கு இல்லை.

கோளின் நிலை என்ன? இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. சூரியன் நமக்கு அளிக்கும் வெயில், அதன் மேற்பரப்பில் இருப்பதில் 46,000-இல் ஒரு பங்கு. ஆகவே முன்சொன்ன இடத்தில் நம் பூமி இருந்தால், தாரை முழுவதும் வெப்பமாக மாறுவதாகக் கொள்ளின், இருபத்தைந்து சூரியன்களின் வெயில் அதன்மேல் விழும். விண்மீன் பொருட்படுத்தாத அதே தாரையில் கோளின் கடல்கள் கொதிக்கும். அப்போதும் கோள் உடையாது. பாறையும் இரும்புமாகிய உருண்டை அப்படியே இருக்கும். அதன்மேல் இருந்த நீரும் காற்றும் உயிரும்தான் போகும்.

தாரை இன்னும் நூறு மடங்கு விரிந்த தொலைவில், வந்து விழும் ஆற்றல் நம் வெயிலில் நானூறில் ஒரு பங்காகக் குறையும். அப்பாடா என்று மூச்சுவிடலாமா? முடியாது. வருவது வெயில் அன்று. எக்ஸ் கதிர்களும் காமா கதிர்களும் விரைந்தோடும் துகள்களும். அவை காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைக்கும். உடைந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு கூடி உண்டாகும் சேர்மங்கள், உயரத்தில் நமக்குக் குடையாக நிற்கும் ஓசோன் படலத்தை அரித்துவிடும். குடை போனபின் புறஊதாக் கதிர்களால் அக்கோளின் உயிர்களை வாட்டுவது தாரை அன்று. அதுநாள்வரை அதை வளர்த்த அதன் சொந்தச் சூரியனே. நான் கரும்பலகையில் வரைந்த வாளைவிட இது கொடியது என்று எனக்குப் படுகிறது.

அந்த மாணவி கொண்டுவந்த செய்தியிலிருந்த திரளிலும் இதுதான் நிகழக்கூடும் என்று ஆய்வாளர் கூறினர். அதன் பெயர் 3சி 321. கேம்பிரிட்ஜ் வானியலார் தொகுத்த மூன்றாம் அட்டவணையில் அதன் வரிசை எண் அது. நம்மிடமிருந்து சுமார் 140 கோடி ஒளியாண்டுத் தொலைவு. அங்கு இரு திரள்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடைவெளி ஏறத்தாழ 20,000 ஒளியாண்டு. பெரியதன் தாரை சிறியதன் ஓரத்தில் மோதி, சுவரில் பட்ட நீர்ப்பீச்சுப்போலச் சிதறி வளைந்து செல்வதைப் படத்தில் காணலாம். மோதல் தொடங்கிச் சுமார் 10 லட்சம் ஆண்டே ஆயிற்று என்கிறார்கள். வானத்தின் கணக்கில் நேற்று என்றே சொல்லலாம். அழிவைச் சொன்ன அதே ஆய்வாளர்கள், தாரை கொண்டுவந்து சேர்க்கும் ஆற்றலால் நெடுங்காலத்துக்குப் பின் அங்கே புதிய விண்மீன்களும் கோள்களும் தோன்றவும் கூடும் என்றனர். செய்தித்தாள் துண்டில் இது இருந்ததா என நினைவில்லை. இருந்திருந்தாலும் அன்று என் கண்ணில் பட்டிராது.

அத்தாரையை எக்ஸ் கதிர்களில் காட்டிய விண்வெளித் தொலைநோக்கி 1999-இல் ஏவப்பட்டது. அதன் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அது. அவர் கணித்த ஓர் எல்லைக்குச் சற்று நேரத்தில் வருவோம்.

தாரை கிழிக்கவில்லை என்றால், கருந்துளையின் அருகே விண்மீன்கள் கிழிபடுவதே இல்லையா? கிழிபடுகின்றன. கிழிப்பது ஈர்ப்பின் ஏற்றத்தாழ்வு. நான்கு சிறுவர்கள் கைகோத்து வரிசையாக ஓடுகிறார்கள். முன்னால் ஓடுபவனை ஒருவன் மிக வலிந்து இழுக்கிறான். பின்னால் வருபவனை அவ்வளவு வலிந்து இழுக்கவில்லை. கோத்த கைகள் நழுவும் அல்லவா? கருந்துளையை நெருங்கும் விண்மீனின் முன்பக்கம் மிகுதியாகவும் பின்பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. நிலவு நம் கடலில் ஓதத்தை எழுப்புவதும் இதே வேறுபாட்டினால்தான். ஓதம் ஓரெல்லையைத் தாண்டினால் விண்மீன் நூலாக நீண்டு பிய்ந்துபோகும்.

இதில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. 10 லட்சம் சூரியன் நிறையுள்ள கருந்துளையை எடுத்துக்கொள்வோம். சூரியனைப் போன்ற விண்மீனை அது ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் தொலைவிலேயே கிழித்துவிடும். அதன் நிகழ்வெல்லையோ 30 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. ஆகவே கிழிவது வெளியே நடக்கிறது, நாம் காணலாம். கருந்துளையின் நிறை ஆயிரம் மடங்கு கூடினால் நிகழ்வெல்லையும் ஆயிரம் மடங்கு விரியும். கிழிக்கும் தொலைவோ பத்து மடங்குதான் கூடும். ஆதலின் கருந்துளை பெருக்கப் பெருக்க எல்லை ஓடிவந்து கிழிக்கும் தொலைவை முந்திவிடுகிறது. நிறை ஏறத்தாழ 10 கோடி சூரியன்களைத் தாண்டியபின், சூரியனைப் போன்ற விண்மீன் கிழியாமலே உள்ளே போய்விடும். மெசியர் 87-இன் கருந்துளைக்கு நிகழ்வெல்லை சுமார் 1,900 கோடி கிலோமீட்டரில். நெப்டியூனுக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல நான்கு மடங்கு. கிழிக்கும் தொலைவோ 130 கோடி கிலோமீட்டர் மட்டுமே. அந்தப் பூதம் சூரியனைக் கடிப்பதில்லை; விழுங்கிவிடுகிறது.

சிறிய கருந்துளையிடம் அகப்பட்ட விண்மீனோ சிதறுகிறது. அதன் பொருளில் ஏறத்தாழப் பாதி வெளியே வீசப்பட்டுத் தப்பிவிடும். மறுபாதி திரும்பி வந்து கருந்துளையைச் சுற்றித் தட்டாகும் என்று மார்ட்டின் ரீஸ் 1988-இல் எழுதினார். தட்டு உண்டானால் தாரையும் உண்டாகலாம் என்பதை முன்னரே பார்த்தோம். 2011 மார்ச் 28-ஆம் நாள் ஸ்விஃப்ட் என்ற விண்கலம், டிராகோ விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 390 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து கடுமையான எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டது. அதுகாறும் உறங்கிக் கிடந்த கருந்துளை ஒன்று ஒரு விண்மீனைக் கிழித்துவிட்டது என்றும், அதிலிருந்து கிளம்பிய தாரை தற்செயலாக நம்மை நோக்கி இருந்தது என்றும் ஆய்வாளர் முடிவு செய்தனர். சுமார் ஒன்றரை ஆண்டுக்குப்பின் அந்த எக்ஸ் கதிர் ஒளி திடீரென வீழ்ந்தது. இரை தீர்ந்து வரத்துக் குறைந்ததும் தாரையும் நின்றது.

ஆகவே நான் வரைந்த படத்தில் காரணமும் காரியமும் இடம் மாறியிருந்தன. தாரை விண்மீனைக் கிழிக்கவில்லை. கிழிந்த விண்மீனிலிருந்து தாரை பிறந்தது.

இவ்வளவோடு முடித்திருந்தால் என் பிழைதிருத்தம் ஒழுங்காக அமைந்திருக்கும். ஆனால் 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாரையால் விண்மீனுக்கு ஒன்றுமே நேராது என்று நான் சொல்ல முடியாமல் செய்துவிட்டது. ஹபிள் தொலைநோக்கியால் மெசியர் 87 திரளைத் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வாளர்கள் 94 நோவா வெடிப்புகளைக் கண்டனர். நோவா என்பது யாது? சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையுற்றுச் சுருங்கினால் வெண்குள்ள விண்மீனாகும். அத்தகையது ஏறத்தாழ 1.4 சூரியன் நிறைக்குமேல் நிலைத்திருக்க இயலாது. இதுதான் நான் முன்னர்க் குறித்த சந்திரசேகரின் எல்லை. வெண்குள்ளனுக்கு அருகில் துணைவிண்மீன் ஒன்று இருந்தால், அதன் ஹைட்ரஜன் வளி மெல்ல மெல்ல வெண்குள்ளன்மேல் வந்து படியும். போதிய அளவு படிந்ததும் அணுகுண்டைப்போல வெடிக்கும். வெண்குள்ளன் அழியாது, மீண்டும் படிவு தொடங்கும். அடுப்பின்மேல் பால் பொங்கி வழிந்து, பின் அடங்குவது போல.

மெசியர் 87-இன் தாரைக்கு அருகிலுள்ள பகுதியில், மற்றப் பகுதிகளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நோவாக்கள் வெடிக்கின்றன என்று அவ்வாய்வு கண்டது. அந்த விண்மீன்கள் தாரைக்குள் அகப்பட்டவையும் அல்ல; அதன் அண்டையில் இருப்பவை. தாரை ஹைட்ரஜனைத் தள்ளிக் கொண்டுபோய் வெண்குள்ளன்மேல் சேர்க்கிறதா? துணைவிண்மீனைச் சூடாக்கி அதன் வளியைப் பொங்கி வழியச் செய்கிறதா? இரண்டுமே பேசப்பட்டன, இரண்டாலும் அந்த இரு மடங்கை முழுதும் விளக்க முடியவில்லை. வாள்போல வெட்டவுமில்லை, நெருப்புப்போல எரிக்கவுமில்லை. மூன்றாவதாக ஏதோ ஒன்று செய்கிறது.

அன்று வினாக் கேட்ட பெண்ணுக்கு இன்று முப்பது வயது கடந்திருக்கும். எங்கே இருக்கிறாள் என்று அறியேன். இந்த உரை அவள் காதில் விழுமானால், “வெட்டும்” என்று நான் சொன்ன விடையை அவள் தன் ஏட்டிலிருந்து அடித்துவிடலாம். அதன் எதிரே இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டா. இடம் விட்டு வைக்கட்டும்.

நம் திரளின் நடுவிலும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சூரியன் நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அதன் படம் 2022-இல் வெளிவந்தது. அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில், பெரும்பாலும் பட்டினியாகக் கிடக்கிறது. அதனால் நமக்கு அச்சமில்லை. மெசியர் 87 இருக்கும் திசையை அறிய விரும்புவோர் சித்திரை மாதத் தொடக்கத்தில் இரவு பதினொரு மணியளவில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். சிம்மத்தின் வால் நுனியில் உத்திரம் என்னும் விண்மீன் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடியுங்கள். உத்திரத்திலிருந்து கிழக்கே அந்த மடக்கிய கையின் அகலம் சென்றால் அவ்விடம் வந்துவிடும். தமிழ்நாட்டில் அந்நேரம் அது ஏறத்தாழ நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. சிறிய தொலைநோக்கியில் மங்கலான பஞ்சுப்பொட்டுப்போலத் திரள் மட்டும் தெரியும். தாரை அதற்குள், நம் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 17 பாகை சாய்ந்து, நம்மைத் தொடாமல் போய்க்கொண்டிருக்கிறது.